சாம்பாருக்கும் சோதனை!

துவாக்குடித் தொழிற்பேட்டையிலே ஒரு சிறு தொழிற்சாலை. பெயர் வேண்டாம், சொன்னால் அங்கே வேலை பார்க்கும் நம் தோழர்களின் பிழைப்பிலே மண் விழும். அதன் வாயிலிலே நாள்தோறும் ஒரு காட்சி நடக்கிறது. காலை 'ஷிப்டு'க்கு வரும் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். காவலுக்கு நிற்கும் இளைஞர் ஒவ்வொருவருடைய தூக்குவாளியையும் வாங்குகிறார், மூடியைத் திறக்கிறார், உள்ளே எட்டிப் பார்க்கிறார், மூடிக் கொடுக்கிறார். முப்பது ஆண்டுகளாக லேத்திலே நின்று கால் வீங்கிப்போன பெரியவர் ஒருவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாராம்:

"சாம்பாருக்குள்ளே என்ன தம்பி தேடுறே?"

"எனக்குத் தெரியாதுங்கண்ணே. பார்த்தேன்னு நோட்டிலே எழுதணும். அவ்வளவுதான்."

"உள்ளே போறப்பப் பார்க்கிறே, சரி. வெளியே வர்றப்பப் பார்க்கலையே? திருடுறவன் உள்ளேயிருந்து வெளியேதானே கொண்டுபோவான்?"

"அதுக்கு நோட்டுப் போடலைங்கண்ணே!"

தஞ்சைச் சாலை ஓரத்துத் தேநீர்க் கடையிலே பெரியவர் இதைச் சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். பிறகு பேருந்திலே திருச்சிக்குத் திரும்பும்போதுதான், சிரித்தது போதும் என்று தோன்றிற்று. ஏனெனில் இந்த நோட்டுப் புத்தகம் துவாக்குடியோடு நிற்கவில்லை. டில்லியிலே இருக்கிறது, வாஷிங்டனிலே இருக்கிறது, உள்ளே போகிற சாம்பாரைப் பார்த்து எழுதிவிட்டு, வெளியே போகிற சரக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிற நோட்டு!

புரூஸ் ஷ்னையர் என்று ஓர் அமெரிக்கர்; பாதுகாப்புத் துறையிலே பழுத்த அறிஞர். 2003ஆம் ஆண்டு எழுதிய நூலிலே இதற்கு அவர் வைத்த பெயர் 'பாதுகாப்பு நாடகம்'. பாதுகாப்பு கூடுவதில்லை, பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பு மட்டும் கூடுகிறது — அதற்கான ஏற்பாடுகளைத்தான் அவர் அப்படிச் சொன்னார். நாடகம் என்ற சொல்லைத் தமிழன் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டான். நாடகத்தால் வளர்ந்த இயக்கம் நம்முடையது. ஆனால் நம் நாடகத்திலே திரை விழுந்ததும் வேஷத்தைக் கலைத்துவிடுவார்கள். இந்த நாடகத்திலே யாரும் கலைப்பதில்லை.

2001 டிசம்பரிலே, பாரிசிலிருந்து மியாமி சென்ற விமானத்திலே ஒருவன் காலணிக்குள் வெடிமருந்து வைத்திருந்தான். பயணிகளே அவனைப் பிடித்துக் கட்டினார்கள். அதன் பயனாக அமெரிக்க விமான நிலையங்களிலே கோடிக்கணக்கானவர் காலணியைக் கழற்றி வெறுங்காலோடு நடந்தார்கள். கோயிலுக்குள் போகிற பக்தர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகக் கழற்றியிருக்கமாட்டார்கள்! 2025 ஜூலையிலே, இனிக் கழற்ற வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். இதற்கிடையே 2015இலே ஒரு செய்தி வெளிவந்தது. அரசின் ஆட்களே மாறுவேடத்தில் ஆயுதங்களையும் போலி வெடிகளையும் எடுத்துக்கொண்டு 70 தடவை சோதனைச் சாவடிகளைக் கடந்து பார்த்தார்கள். 67 தடவை பிடிபடவில்லை. செருப்பைப் பார்த்தார்கள், நோட்டிலே எழுதினார்கள்.

அமெரிக்கன் சங்கதி கிடக்கட்டும், நம் ஊர்த் தேங்காய்க்கு வருவோம். விமானத்திலே பயணிகள் இருக்கும் பகுதிக்குள் தேங்காயைக் கொண்டுபோகக் கூடாதென்பது இந்நாட்டு விதி; எண்ணெய்ச் சத்து, தீப்பிடிக்கும் என்று காரணம் சொல்லப்படுகிறது. இருக்கட்டும். 2024 அக்டோபரிலே விமானப் பாதுகாப்புத் துறை ஒரு சலுகை வழங்கிற்று: சபரிமலை செல்லும் பக்தர்களின் இருமுடியிலே உள்ள தேங்காயை மட்டும் கையிலேயே கொண்டுபோகலாம். அதுவும் 2025 ஜனவரி 20 வரையிலே! ஊடுகதிரிலே பார்த்து, வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்து, கையாலும் தடவிப் பார்த்த பிறகு.

பக்தர்கள்மீது நமக்கு வருத்தமில்லை. அவர்கள் தேங்காய் அவர்கள் நெய். நாம் கேட்பது வேறு. மூன்று சோதனையிலும் தேறிய தேங்காய் பத்திரமானதென்றால், மகள் வீட்டுக்குச் சட்னி அரைக்கப் போகிற தேங்காயும் அதே மூன்று சோதனையிலே தேறாதா? மகர விளக்கு வரையிலே சாதுவாக இருந்த தேங்காய்க்கு ஜனவரி 21ஆம் நாள் காலையிலே திடீரென்று தீவிரவாதம் தொற்றிக்கொள்ளுமா? ஆபத்தை அளந்து எழுதிய விதியாக இருந்தால் நாள்காட்டியைப் பார்த்து மாறாது.

இதுவரை சொன்னதிலே சிரிப்பு உண்டு. அடுத்ததிலே சிரிப்பு இல்லை.

'நீட்' தேர்வு மண்டபத்து வாயிலை நினைத்துப் பாருங்கள். முழுக்கைச் சட்டை போட்டு வந்த பையன்களின் கையைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். பெண் பிள்ளைகளின் காதிலிருந்து கம்மலை, மூக்கிலிருந்து மூக்குத்தியை, கூந்தலிலிருந்து ஊசியைக் கழற்றவைத்தார்கள். 2017இலே கண்ணூரிலே, உள்ளாடைக் கொக்கி உலோகம் என்று சொல்லி ஒரு மாணவியை அதையும் கழற்றச் செய்தார்கள். நாடே தலைகுனிந்தது என்று பேசினார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2022இலே கொல்லத்திலே, அதே கொடுமை மறுபடியும்! பதினேழு வயதுப் பெண், மூன்று மணி நேரம் கண்ணீரை அடக்கிக்கொண்டு எந்தத் தாவரவியல் கேள்விக்கு விடை எழுதுவாள்?

இத்தனையும் எதற்கு? ஒழுங்குக்கு, நேர்மைக்கு, தகுதிக்கு! நல்லது. 2024 மே 5ஆம் நாள், ஏறக்குறைய 23 இலட்சம் பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள். அன்று காலையிலேயே, ஜார்க்கண்டிலே ஹசாரிபாகில் ஒரு பள்ளியின் அறையிலே வைத்திருந்த பெட்டியைத் திறந்து வினாத்தாளை எடுத்துவிட்டார்கள் என்று சி.பி.ஐ. சொல்லிற்று. ஹசாரிபாகிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்தது மறுக்கமுடியாத உண்மை என்று உச்சநீதிமன்றமே 2024 ஜூலையிலே சொன்னது. தேர்வு முழுவதும் கெட்டுவிட்டது என்பதற்குச் சான்று போதாது என்று மறுதேர்வுக்கு மட்டும் மறுத்தது. முன்வாயிலிலே கம்மலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டிலே பெட்டியையே திறந்துவிட்டார்கள். துவாக்குடி இளைஞர் சொன்னாரே, அதுக்கு நோட்டுப் போடலை என்று! அந்தப் பதிலைத் தவிர வேறு பதில் டில்லியிலிருந்து இதுவரை வந்ததாக நமக்குத் தெரியவில்லை.

சோதனை செய்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடிக்கவேண்டியதைப் பிடிக்க முடியாதபோது, பிடிக்க முடிந்ததைப் பிடிப்பான். துப்பாக்கி கிடைக்காவிட்டால் தேங்காய். தேங்காயும் கிடைக்காவிட்டால் பாட்டு!

பாட்டைப் பிடித்த கதை நம் திருச்சியிலேயே நடந்தது. மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவன். பறையும் சலங்கையுமாகத் தெருவிலே நின்று பாடுகிறவர். நமக்கும் அவருடைய அமைப்புக்கும் கொள்கையிலே ஒத்துப்போகாதவை ஏராளம். நம்மையும் வைத்துப் பாடியிருக்கிறார்கள். அதைப்பற்றி வேறொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம். 2015ஆம் ஆண்டு, தமிழ்நாடு முழுதும் மதுக்கடையை மூடு என்ற குரல் எழுந்த நேரம். ஜூலை 31ஆம் நாள், குமரி மாவட்டத்திலே ஒரு மதுக்கடையை மூடச் சொல்லிக் கைப்பேசிக் கோபுரத்தின்மேல் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். கோவன் பாடினார். மதுக்கடையை நடத்துகிற அரசையும் முதலமைச்சர் ஜெயலலிதாவையும் சாடிப் பாடினார். பாட்டு இணையத்திலே ஏறிற்று.

அக்டோபர் 30ஆம் நாள், பொழுது விடியுமுன்னே, சென்னையிலிருந்து வந்த சைபர் குற்றப் பிரிவுப் போலீசார் திருச்சியிலே அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். என்ன குற்றம்? திருட்டா? கொலையா? இல்லை, இந்தியத் தண்டனைச் சட்டம் 124-அ — இராசத் துரோகம்! 1908இலே வ.உ.சிதம்பரனார்மீது வெள்ளைக்காரன் ஏவிய அதே பிரிவு. கப்பல் ஓட்டியவருக்கும் அதுதான், பறை தட்டியவருக்கும் அதுதான்.

கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த ஆண்டு மார்ச் 24ஆம் நாள்தான், இணையத்திலே எழுதினால் சிறை என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவை உச்சநீதிமன்றம் செல்லாது என்று வீசியெறிந்திருந்தது. ஆகா, விடுதலை என்று நாமெல்லாம் எழுதினோம். ஏழே மாதம்! சின்ன தடி முறிந்தது, பரண்மேல் கிடந்த பெரிய தடி இறங்கிற்று. நவம்பரிலே கோவன் பிணையிலே வந்தார். 2018 ஏப்ரலிலே மறுபடியும் கைது. இம்முறை பிரதமரைப் பாடியது குற்றம். 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் 124-அ பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்திலே 'இராசத் துரோகம்' என்ற பெயர் இல்லை. 152ஆவது பிரிவு என்று எண் மட்டும் இருக்கிறது. வேஷம் மாறிற்று, நடிகர் மாறவில்லை.

விளைவு என்ன? கைதுக்கு முன்னே அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் கூட்டத்துக்கு வந்தவர்களும் இணையத்திலே தேடியவர்களும். கைதுக்குப் பிறகு வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வரையிலே அந்தப் பாட்டு போயிற்று. செலவில்லாத விளம்பரம், அரசாங்கச் செலவிலே!

இதை எம்.ஆர்.ராதாவிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். 1876இலே வெள்ளைக்கார சர்க்கார் நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் போனான், 1954இலே சென்னை மாகாணத்துக் காங்கிரஸ் ஆட்சி அதைவிடக் கடுமையாகத் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. யாரை மனத்தில் வைத்து என்பது ஊருக்கே தெரியும். இராமாயணத்தை மேடையிலே உரித்துக் காட்டிய ராதாவை வைத்து. அவர் தடை வந்தால் பெயரை மாற்றிக்கொண்டு நாடகத்தை நடத்தினார். பேசவேண்டியதை மேடையிலே பேசினார், கொட்டகை நிரம்பிற்று. 1979இலே இதே திருச்சியிலே மறைந்தார்.

அந்தச் சட்டம் எப்போது செத்தது தெரியுமா? 2013 ஜனவரியிலே! எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கிலே, அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஐம்பத்தொன்பது ஆண்டு உயிரோடு இருந்திருக்கிறது. நாடகம் போடுகிறவன் முதலிலே பிரதியைப் போலீசாரிடம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருந்திருக்கிறான். இதிலே நாற்பது ஆண்டுக்குக் குறையாமல், 1967 தொடங்கி, நாடகத்தால் ஆட்சிக்கு வந்தவர்கள் ஆண்டிருக்கிறோம். நம்முடையவர்கள் ஆண்டபோதும் அதை ஒரே ஒரு தீர்மானத்தால் கிழித்தெறிந்திருக்கலாம். கிழிக்கவில்லை. குண்டர் சட்டத்திலே 'இணையக் குற்றவாளி'யையும் சேர்த்து 2014இலே அ.தி.மு.க. ஆட்சி திருத்தியது, கண்டித்தோம். பிறகு நாற்காலி மாறியபோது அந்தத் திருத்தத்தைப் பெட்டியிலே வைத்துப் பூட்டினோமா? இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால், அடுத்தவன் தூக்குவாளியை மட்டும் திறந்து பார்க்கிற காவலாளி ஆகிவிடுவோம்.

சினிமாவுக்கு வருவோம். 2011 நவம்பரிலே 'கொலவெறி' என்று ஒரு பாட்டு வந்ததே, மறந்திருக்கமாட்டீர்கள். துவாக்குடியிலிருந்து டோக்கியோ வரையிலே அதைக் கொண்டுபோனது இணையம். அடுத்த ஆண்டு அதே படத்தைத் திருட்டுத்தனமாக யாரும் இணையத்திலே போடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்திலே பெயர் தெரியாதவர்கள்மீதெல்லாம் ஒரு தடை வாங்கினார்கள். நியாயம்தான், உழைத்தவன் பணம் போகக்கூடாது. ஆனால் அந்தத் தடையைக் காட்டி இணைய நிறுவனங்கள் 'விமியோ' போன்ற தளங்களை முழுதாகவே மூடிவிட்டன. வேறெங்கோ தன் குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் போட்டிருந்தவனுக்கும் கதவடைப்பு! குறிப்பிட்ட பக்கத்தைத் தடுத்தால் போதும் என்று நீதிமன்றமே பிறகு விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. 2017இலே இரண்டு இந்திப் படங்களுக்காக வாங்கிய தடையிலே, பழம் நூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' நூலகமே சில நாள் இந்தியாவில் மூடிக்கிடந்தது. பிக்பாக்கெட்டைப் பிடிக்கக் கன்னிமாரா நூலகத்துக்குப் பூட்டு!

2020 ஜூனிலே எல்லையிலே நம் வீரர்கள் இருபது பேர் மாண்டார்கள். இரண்டு வாரத்திலே 'டிக்டாக்' உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை. பட்டறையிலே வேலை முடிந்து கைகழுவிவிட்டுக் கண்ணாடி முன்னே ஆடிப் படம் பிடித்துக்கொண்டிருந்த பையன் 'இன்ஸ்டாகிராமு'க்குப் போனான், அங்கே ஆடுகிறான். சீனச் சரக்கு? 2019-20இலே ஏறக்குறைய 6,500 கோடி டாலருக்கு வந்துகொண்டிருந்தது, 2023-24இலே 10,000 கோடி டாலரைத் தாண்டிற்று. ஆட்டம் நின்றது, இறக்குமதி ஓடிற்று!

இனி, விகடன் கதை. 1987இலே ஆனந்த விகடன் அட்டையிலே ஒரு நகைச்சுவைத் துணுக்கு. சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்தது. அன்றைய சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழவே சில நாளிலே விட்டார்கள். 1994இலே உயர்நீதிமன்றம் அந்தக் கைது தவறென்று சொல்லி, அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தக் காலத்திலே குறைந்தபட்சம் இன்னார் தண்டித்தார், இன்ன காரணத்துக்காகத் தண்டித்தார் என்று சட்டமன்றக் குறிப்பிலே இருந்தது.

2025 பிப்ரவரி 5ஆம் நாள், அமெரிக்கப் படை விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரசிலே இறக்கிற்று. கையிலே விலங்கு, காலிலே சங்கிலி. வேலை தேடிப் போனவர்கள். உரிய தாள் இல்லை, அதுதான் குற்றம். படைவீரர் சூழப் பறக்கும் விமானத்திலே, பசித்த மனிதன் எங்கே ஓடிவிடுவான் என்று அந்தச் சங்கிலி? பாதுகாப்பு நாடகத்திலே அதைவிடப் பெரிய காட்சி அண்மையிலே கிடையாது. இது 2012 முதல் இருந்துவரும் அமெரிக்க நடைமுறை என்று நம் வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்திலே விளக்கம் சொன்னார். சங்கிலிக்கு விளக்கம் சொல்ல நாடாளுமன்றமா!

இதைத்தான் விகடனின் இணைய இதழ் 'விகடன் பிளஸ்' கேலிச்சித்திரமாகப் போட்டது: டிரம்ப் பக்கத்திலே விலங்கு பூட்டிய பிரதமர். சந்தா கட்டியவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய இதழ். பா.ஜ.க.வின் அந்நாளைய மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் அனுப்பினார். பிப்ரவரி 15ஆம் நாள், கேலிச்சித்திரம் மட்டுமல்ல, விகடன் தளமே நாட்டின் பல பகுதிகளிலே திறக்கவில்லை. நோட்டீசு அப்புறம் வந்தது. பூட்டு முதலிலே விழுந்தது.

அதே 15ஆம் நாள் இரவு, அமிர்தசரசிலே இரண்டாவது விமானம் இறங்கிற்று. அதிலே வந்தவர்களும் விலங்கோடும் சங்கிலியோடும்தான் கொண்டுவரப்பட்டதாகச் சொன்னார்கள்.

படத்திலே இருந்த விலங்கை ஒரே நாளிலே அகற்ற முடிந்தது. கையிலே இருந்த விலங்கை?

இணையத் தடைக்கென்று 2009ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அதிலே 16ஆவது விதி, தடை கேட்ட புகாரும் எடுத்த நடவடிக்கையும் இரகசியம் என்கிறது. துவாக்குடி இளைஞரின் நோட்டையாவது மேலாளர் புரட்டிப் பார்க்கலாம், நாமும் கெஞ்சிக் கேட்டால் காட்டுவார். டில்லியின் நோட்டை நீங்களும் நாமும் பார்க்கமுடியாது. எந்தப் பக்கம், யார் சொல்லி, ஏன் என்று தெரியாமலே மூடப்படும்.

மார்ச் 6ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது. வழக்கு நடக்கிறவரையிலே அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவைக்கவேண்டும் என்றது. படம் எடுக்கப்பட்டது, தளம் திறந்தது.

தேநீர்க் கடையிலே இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, லேத்துப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். விகடனுக்குச் சந்தா கட்டியவரல்லர். தினம் நம் ஏட்டையே கடையிலே இரவலாகப் படிக்கிறவர். விரலால் தள்ளித் தள்ளி, பேரக் குழந்தையின் படம், மருந்துச் சீட்டு, யாரோ கட்டிய வீட்டுப் புகுவிழா அழைப்பு எல்லாவற்றையும் தாண்டி ஓரிடத்திலே நிறுத்தி நம்மிடம் நீட்டினார். அந்தக் கேலிச்சித்திரம்!

"பூட்டுப் போட்ட அன்னிக்கு ராத்திரியே வந்துடுச்சு," என்றார்.

"யாருங்கய்யா அனுப்பினது?"

"சாம்பார் பார்க்கிற தம்பிதான்!"